திராட்சைத் தோட்டப் புழுதியும் ஒரு காய்ச்சலும்

கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் இருமலும் காய்ச்சலுமாக வரும் தோட்டத் தொழிலாளியிடம் மருத்துவர் முதலில் கேட்கவேண்டியது, கடந்த சில வாரங்களில் எந்த மண்ணில் வேலை பார்த்தார் என்பதைத்தான். அதைக் கேட்காமல் விடுவதால், சாதாரண நிமோனியாவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கிவிட்டுக் குணமாகாமல் திரும்பி வருபவர்கள் பலர். அவர்களுக்கு வந்திருப்பது பாக்டீரியா நோயன்று, பூஞ்சை நோய்.

கெர்ன், சான் வாக்கின் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கிறது. திராட்சை, பாதாம், பிஸ்தா, ஆரஞ்சு என்று அமெரிக்கக் கடைகளை நிரப்பும் விளைச்சல் பூமி. அதே மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையும் வாழ்கிறது. அது தரும் நோய்க்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர். 2024-இல் கலிபோர்னியாவில் மட்டும் 12,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டறியப்பட்டது.

மழைக்காலத்தில் இந்தப் பூஞ்சை மண்ணுக்குள் நூலிழைகளாகப் படர்கிறது. கோடையில் மண் காய்ந்ததும் அந்த இழைகள் வித்துகளாகத் துண்டுபடுகின்றன. ஒரு வித்தின் அளவு சில மைக்ரான்தான். மண்ணைக் கிளறினாலோ காற்று வீசினாலோ புழுதியோடு எழும்பி, மூச்சுவழியே நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். அங்கே அது உருவமே மாறுகிறது: உருண்டையாகப் பருத்து, உள்ளே நூற்றுக்கணக்கான நுண்வித்துகளை வளர்த்து, வெடித்துச் சிதறுகிறது. ஒவ்வொரு நுண்வித்தும் இன்னோர் உருண்டையாகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை.

தொற்றியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், மூட்டுவலி, மாதக்கணக்கில் நீளும் அசதி. மிகச் சிலருக்கு எலும்புக்கும் தோலுக்கும் பரவும். மூளையுறைக்குப் போய்விட்டால் ஃப்ளூகோனசோல் போன்ற மருந்தை வாழ்நாள் முழுவதும் சாப்பிடவேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். எக்ஸ்ரேயில் இதன் நிழல் காசநோய் போலவே தோன்றக்கூடும் என்பதால், கலிபோர்னியா, அரிசோனா பக்கம் போய்வந்த நம்மவர்களும் அந்தப் பயணத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பழி முழுவதையும் தோட்டங்கள்மேல் போடுவது சரியாகாது. பல்லாண்டுகளாக நீர் பாய்ச்சி உரமிட்ட நிலத்தில் இந்தப் பூஞ்சை குறைவு. உழவு காணாத காய்ந்த நிலத்தில்தான் அதிகம். புதுத் தோட்டம் போட அந்த நிலத்தைத் திருத்தும்போதும், வீடும் சாலையும் கட்டத் தோண்டும்போதும் ஆபத்து கூடுகிறது. காற்றுக்கு எல்லையும் கிடையாது. 1977 டிசம்பரில் கெர்னில் அடித்த புழுதிப்புயலுக்குப் பின், வடக்கே 400 கிலோமீட்டர் தாண்டியுள்ள சாக்ரமென்டோவிலும் நோயாளிகள் கூடினர். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் சரிந்து கிளம்பிய புழுதி 200 பேருக்கு மேல் நோயைக் கொடுத்தது, மூவர் இறந்தனர்.

மனிதர்களுக்கான தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் புழுதியை அடக்கினால் நோயும் அடங்கும் என்பது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பள்ளத்தாக்கின் விமானத் தளங்களில் வீரர்கள் நோயில் விழுந்தபோது, மருத்துவர் சார்லஸ் ஸ்மித்தின் யோசனைப்படி புல் வளர்த்தார்கள், தளம் போட்டார்கள். தொற்று கணிசமாகக் குறைந்தது.

அன்று படைவீரர்களுக்குக் கிடைத்த அக்கறை இன்று பழம் பறிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வேதனை. இவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போகும். முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு மருத்துவமனைப் படியேறவே பயம். 40 டிகிரி வெயிலில் என்95 முகமூடியோடு நாள் முழுவதும் குனிந்து வேலை செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராத அறிவுரை. மண்ணைக் கிளறுமுன் நீர் தெளிப்பதும், பெருங்காற்று நாளில் வேலையை நிறுத்துவதும் முதலாளிகள் செய்யவேண்டியவை. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் இதுபற்றித் தொழிலாளருக்குப் பயிற்சி தரவேண்டும் என்று கலிபோர்னியா 2019-இல் ஒரு சட்டம் போட்டது. அது கட்டுமான நிறுவனங்களுக்கானது. தோட்டத் தொழிலாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை.