பழைய கணினியும் வறிய மாணவனும்

அண்ணன் பாவித்து விட்டுச்சென்ற கணினி ஒன்றே வீட்டில் உள்ளது. உயர்தர வகுப்பில் பயிலும் தம்பி அதனை இயக்கிவிட்டு, திரை தெளியும்வரை நெடுநேரம் காத்திருக்கிறான். புதியதொன்றை வாங்கித் தருமாறு தந்தையைக் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. ஈழத்துத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் காணப்படும் காட்சி இது. கணினியை ஒதுக்குமுன் அதன் பிணி யாதென ஆராய்தல் நன்று.

மந்தத்துக்குரிய காரணங்கள் பெரும்பாலும் மூன்றாகும். முதலாவது வன்தட்டு. அது சுழலும் தட்டு. வேண்டிய தரவை அதன் கை இடம்பெயர்ந்து தேடவேண்டும். அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தை அதற்குப் பதிலாகப் பொருத்தினால், பழைய கணினியும் விரைவில் விழித்தெழும். இரண்டாவது நினைவகக் குறைவு. நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமாயின், இணையப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்ததும் நிரம்பிவிடும். மிகுதியைக் கணினி வன்தட்டில் வைத்து எடுப்பதால் தாமதம் நேர்கிறது. மூன்றாவது தூசி. விசிறியில் தூசி அடைந்தால் வெப்பம் மிகும். செயலி தன்னைக் காக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவற்றைத் தீர்க்கும் செலவு, புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே.

உறுப்புகள் நலமாயிருந்தும் கணினி பழையதாவதுண்டு. வின்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி முடிவுற்றது. வின்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. நீடித்த ஆதரவுக்குப் பதியாத கணினி தொடர்ந்து இயங்கும். ஆயினும் இணையத்தில் அதன் காவல் நாளடைவில் தளரும். இத்தகைய கணினிக்கு இலவசமான லினக்ஸ் தக்க மாற்றாகும். கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை தயாரிக்கவும் லிப்ரே ஒபிஸ் போதும். பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் அதில் இயங்குமா எனப் பார்த்து, கோப்புகளைப் பிரதி செய்தபின்னரே மாற்றுதல் வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின் வாங்கவே வேண்டும். இலங்கையில் இது எளிதன்று. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 500 டொலர் கணினியின் விலை, வரி நீங்கலாகவே, 1 இலட்சத்திலிருந்து 1 இலட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. நாணயப் பெறுமதி பின்னர் ஓரளவு தேறினும் பழைய நிலையை எய்தவில்லை. ஆதலால், அலுவலகங்களிற் பாவித்துக் கழித்த மடிக்கணினியும் கருதத்தக்கது. மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும், நினைவகத்தைக் கூட்டலாமா, எழுத்தில் உத்தரவாதம் உண்டா என்பவற்றை வாங்குமுன் அறிதல் வேண்டும். தவணையில் வாங்குவோர் தவணைகள் அனைத்தையும் கூட்டி, கைப்பண விலையோடு ஒப்பிடுக. வட்டியின் பாரம் அப்போதே தெரியும்.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமக்கொரு கணினி வாங்கினார். முழுப் பணமும் கையில் இல்லாமையால் தவணை முறையிலேயே வாங்கினார். அக்கணினியில் அவர் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். கடனில் வந்த அக்கணினியிற் பிறந்த அம்முறைமை, இன்று புதியது வாங்க வழியற்ற மாணவனின் மேசையிலுள்ள பழைய கணினிக்கும் உயிரூட்டுகின்றது.