கூடுதல் உற்பத்தி, குறைந்த திறன்

நசரத்பேட்டையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு மணி நேர ஷிஃப்டில் 640 உதிரிபாகங்கள். மொத்தம் 64 மனித மணிகள், மணிக்குப் பத்து. அவசர ஆர்டர் வருகிறது. எல்லோரும் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் பார்த்து 720 முடிக்கிறார்கள். உற்பத்தி கூடிவிட்டது. ஆனால் உழைத்தது 80 மணி; மணிக்கு ஒன்பதுதான். உற்பத்தித்திறன் குறைந்துவிட்டது!

ஆள் கணக்கு மட்டும் போதாது. 100 கிலோ கம்பியில் 70 கிலோதான் பொருளாகிறது என்றால், மீதி 30 கிலோ ஸ்கிராப் விலைக்குப் போகிறது. ஒரு பொருளுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்றும் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் குழாயில் காற்று கசிந்தால் அந்தக் கணக்கு ஏறும்.

இயந்திரத்துக்கு மூன்று கேள்விகள்: திட்டமிட்ட நேரத்தில் எவ்வளவு ஓடியது, எந்த வேகத்தில் ஓடியது, தந்ததில் எத்தனை தேறியது? மூன்றும் 90 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 72.9 சதவீதம்தான். இந்த அதிர்ச்சியை ஒவ்வொரு சிறுதொழில் முனைவோரும் ஒருமுறை அனுபவித்தாக வேண்டும்.

இப்படி அளந்து திருத்தும் பழக்கம் சென்னை வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதை வென்றது. இந்தியாவுக்கு அதுவே முதல் டெமிங் விருது. பெரிய ஆலைகள் செய்ததைச் சிறு பட்டறைகளும் செய்யலாம். ஷிஃப்ட் முடிவில் மணி, கிலோ, யூனிட், ரிஜெக்‌ஷன் ஆகிய நான்கையும் எழுத ஒரு நோட்டு போதும்.