ஐன்ஸ்டைன் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரங்கள்

1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அமெரிக்காவில் இருந்தார். மார்ச் இறுதியில் கப்பலில் பெல்ஜியம் வந்து இறங்கியவர், பிரஷ்ய அறிவியல் கழகத்திலிருந்து விலகினார். தாய்நாட்டுக்கு அதன்பின் திரும்பவே இல்லை. ஏப்ரல் 7-ல் வந்த சட்டம் யூதப் பேராசிரியர்கள் பலரை ஒரே அடியில் வேலையிழக்கச் செய்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் துருக்கிப் பிரதமர் இஸ்மத் இனோனுவுக்குக் கடிதம் எழுதினார். நாற்பது பேராசிரியர்களும் மருத்துவர்களும் ஓராண்டு ஊதியமின்றி உழைக்கத் தயார், இடம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். இனோனு மரியாதையுடன் மறுத்தார். ஆனால் துருக்கி அப்போதே தன் பல்கலைக்கழகத்தைச் சீரமைக்க ஜெர்மன் அறிஞர்களை அமர்த்தத் தொடங்கியிருந்தது. அக்டோபர் 3-ல் லண்டன் ஆல்பர்ட் அரங்கில், வேலை பறிக்கப்பட்ட அறிஞர்களுக்கு நிதி திரட்டும் கூட்டத்தில் ஐன்ஸ்டைன் பேசினார். அதே மாதம் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார்.

கடினமான வேலை அதன்பின்தான் தொடங்கியது. 1924-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றிலிருந்தும் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் வர முடிந்தது. அதற்குள் அடங்கினாலும், வருபவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று அங்கே வசிக்கும் ஒருவர் தன் வருமானக் கணக்கைக் காட்டிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர்களிடமிருந்தும் ஐன்ஸ்டைனுக்குக் கடிதங்கள் வந்தன. அவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வசதியுள்ள நண்பர்களையும் எழுதச் சொன்னார். ஒருவரின் வருமானம் எத்தனை குடும்பங்களுக்குத்தான் ஈடாகும்? கையெழுத்துகள் பெருகப் பெருக, அதிகாரிகளிடம் அவற்றின் மதிப்பு குறைந்தது. உலகமே அறிந்த பெயருக்கும் அந்த மேசையில் தனிச் சலுகை இல்லை.

வந்து சேர்ந்தவர்களுக்குப் பிழைப்பும் வேண்டியிருந்தது. போலந்து யூதரான இயற்பியலாளர் லியோபோல்ட் இன்ஃபெல்டின் உதவித்தொகையை, ஐன்ஸ்டைன் பணியாற்றிய பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனம் நீட்டிக்கவில்லை. தன் கைப்பணத்தைத் தர ஐன்ஸ்டைன் முன்வந்தார். இன்ஃபெல்ட் வாங்க மறுத்தார். மாறாக, இருவரும் சேர்ந்து பொது வாசகருக்கு ஒரு நூல் எழுதலாம் என்றார். 'இயற்பியலின் பரிணாமம்' 1938-ல் வெளிவந்து நன்றாக விற்றது. உதவியைப் பெறுபவரின் தன்மானமும் காப்பாற்றப்பட்ட அருமையான ஏற்பாடு அது.

1941 ஜூனில், நாஜிப் பகுதிகளில் நெருங்கிய உறவினர் இருப்போருக்கு விசா கொடுப்பதை அமெரிக்கா மேலும் இறுக்கியது. தகுதியுள்ளவர்களும் தஞ்சம் பெற முடியாதபடி வெளியுறவுத் துறை தடைகளை எழுப்புகிறது என்று ஜூலையில் ஐன்ஸ்டைன் எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார்; இதைக் கணவரான குடியரசுத் தலைவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு வேண்டினார். கெடுபிடி தளரவில்லை. அக்டோபரில் ஜெர்மனியே யூதர்கள் வெளியேறத் தடை விதித்தது; அங்கே சிக்கியவர்களுக்கு அதன்பின் விசா கிடைத்தாலும் பயனில்லாமல் போனது.