லைப்ரரி டீச்சர் ஜெயிச்சாங்க... நாற்காலி காணாமப் போச்சு!

2012 நவம்பர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஓட்டு எண்ணுகிறார்கள். கவர்னர் பதவிக்கு மைக் பென்ஸ் ஜெயித்துவிட்டார். (பிற்பாடு ட்ரம்ப்போடு சேர்ந்து துணை ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்!) அவருக்கு விழுந்தது 12 லட்சத்து 75 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அதே ராத்திரி, அதே ஓட்டுச்சீட்டில், வேறொரு பதவிக்கு நின்ற ஒரு பெண்மணிக்கு விழுந்தது 13 லட்சத்துக்கும் மேல்!

யார் அந்த அம்மணி? சினிமா நட்சத்திரமா? கோடீஸ்வரியா? ம்ஹூம்... இண்டியானாபொலிஸ் ஆரம்பப் பள்ளி ஒன்றின் லைப்ரரி டீச்சர். பெயர் கிளெண்டா ரிட்ஸ்.

அவர் நின்ற பதவியின் பெயர்: 'ஸ்டேட் சூப்பரிண்டெண்டெண்ட் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்ஷன்'. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். தமிழில் சுருக்கமாகச் சொன்னால், மாநிலத்து அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமைக் கண்காணிப்பாளர். இங்கே நமக்குப் புதுசாக ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஆளை யாரும் 'நியமிப்பது' கிடையாது. கவர்னருக்கு ஒரு ஓட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஓட்டு என்று ஜனங்களே தனியாகக் குத்தி அனுப்புவார்கள். (அங்கே கவர்னர் என்றால் ராஜ்பவனில் உட்கார்ந்திருப்பவர் இல்லை சார். மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்கும், நம்ம முதலமைச்சர் மாதிரியான ஆசாமி.) ஐம்பது மாநிலங்களில் இன்றைக்கும் பன்னிரண்டில் இந்த வழக்கம் உண்டு. கலிஃபோர்னியா, ஜார்ஜியா, அரிஸோனா என்று பெரிய மாநிலங்களும் அதில் அடக்கம்.

இண்டியானாவில் இந்தப் பதவி பிறந்த கதையே சுவாரஸ்யமானது. 1846ல் அந்த மாநிலச் சட்டசபைக்கு ஒரு நீளமான கடிதம் வந்தது. நம் மாநிலத்தில் வயது வந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருத்தர் எழுதப் படிக்கத் தெரியாதவர், இதைப் பற்றி உங்களுக்குக் கவலை உண்டா என்று ஒரே சாத்து! கீழே கையெழுத்து, 'பொதுஜனத்தில் ஒருவன்'. அடுத்தடுத்த வருஷங்களிலும் விடாமல் எழுதினார் அந்த ஒருவன். வாபாஷ் கல்லூரிப் பேராசிரியர் காலப் மில்ஸ்தான் அவர். 1851ல் எழுதப்பட்ட புதிய அரசியல் சட்டத்தில் இலவசப் பொதுப்பள்ளிகளும் வந்தன, அவற்றைக் கவனிக்க மக்கள் ஓட்டில் ஒரு கண்காணிப்பாளரும் வந்தார். இரண்டாவதாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார் தெரியுமா? மொட்டைக் கடிதம் எழுதிய அதே மில்ஸ்!

மறுபடி 2012க்கு வருவோம். ரிட்ஸ் தோற்கடித்தவர் லேசுப்பட்டவர் இல்லை. டோனி பென்னெட். (பாட்டுப் பாடுவாரே அவர் வேறு, இவர் வேறு.) 2008ல் ஜெயித்தவர். பள்ளிகளுக்கே ஏ, பி, சி என்று ரேங்க் கார்டு, பரீட்சை மார்க்கை வைத்து ஆசிரியருக்கு மதிப்பீடு என்று அதிரடி கிளப்பியவர். போதாததற்கு 2011ல் 'வவுச்சர்' சட்டம். பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தால் ஃபீஸுக்கு அரசாங்கமே பணம் தரும். நாடு முழுக்கச் சீர்திருத்தக்காரர்களுக்கு பென்னெட் ஹீரோ! அவருடைய தேர்தல் நிதிக்குப் பக்கத்தில் ரிட்ஸின் உண்டியல் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் டீச்சர்களுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டில் சொன்னார்கள், சொந்தக்காரர்களுக்கு எழுதினார்கள், ஃபேஸ்புக்கில் போட்டார்கள். ஜனாதிபதி பதவிக்கு ரோம்னிக்கும் கவர்னர் பதவிக்கு பென்ஸுக்கும், அதாவது ரிபப்ளிகன் கட்சிக்கே போட்ட கை, பள்ளிக்கூட வரிக்கு வந்ததும் தாண்டிப்போய் டெமாக்ரடிக் ரிட்ஸுக்குப் போட்டது. தனி ஓட்டு என்றால் அதுதான் சௌகரியம்.

இதில் ஒரு தமாஷ். வவுச்சர் சட்டம் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனவர்களில் ரிட்ஸும் ஒருவர். ஜெயித்தவுடன் அதே சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பு அவர் தலையில்! வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். 2013 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

தோற்ற பென்னெட்டுக்கு உடனே வேலை கிடைத்தது. ஃப்ளோரிடாவில் கல்விக் கமிஷனர். அங்கே அது நியமனப் பதவி, ஓட்டெல்லாம் தேவையில்லை. ஆனால் 2013 ஆகஸ்ட்டிலேயே ராஜினாமா. இண்டியானாவில் இருந்தபோது, கட்சிக்கு நன்கொடை கொடுத்த ஒருவர் நிறுவிய பள்ளிக்கு 'சி' வராமல் 'ஏ' வரும்படி ரேங்க் கணக்கை மாற்றச் சொன்னார் என்று அவருடைய ஈமெயில்கள் செய்தியில் வந்துவிட்டன. தப்பான கணக்கைத்தான் சரிசெய்தேன் என்றார் அவர். விசாரணையில் ரேங்க் விஷயத்தில் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதற்காக மட்டும் 5,000 டாலர் அபராதம் கட்டினார். (ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரெஸ்யூமே டைப் அடிக்கும் சகோதரர்கள் கவனிக்க.)

சரி, ஜெயித்த ரிட்ஸ் என்ன ஆனார்?

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், கால் ஒவ்வொன்றாக ஆடுகிறது! கல்வித் துறை அவர் கையில்தான். ஆனால் கொள்கை முடிவு செய்வது மாநிலக் கல்வி வாரியம். அதற்குத் தலைவர் ரிட்ஸ். மற்ற பத்து உறுப்பினர்கள்? அத்தனை பேரும் கவர்னர் நியமனம்! ஒன்றுக்குப் பத்து. அது போதாதென்று 2013 ஆகஸ்ட்டில் பென்ஸ் ஓர் உத்தரவு போட்டு, கல்விக்கென்றே தனியாக இன்னொரு மையத்தை ஆரம்பித்தார். ஒரு மாநிலம், இரண்டு கல்வி ஆபீஸ்! நம்மில் பல பேர் இப்படி இரண்டு மேனேஜருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஃபைல் சுமந்தவர்கள்தானே, கஷ்டம் புரியும்.

அக்டோபரில் தன் வாரிய உறுப்பினர்கள் மேலேயே கேஸ் போட்டார் ரிட்ஸ். கோர்ட் தள்ளுபடி செய்தது. நவம்பரில் ஒரு கூட்டத்தில் பேச்சு முற்றி, 'கூட்டம் முடிந்தது' என்று அறிவித்துவிட்டு எழுந்து போனார். அந்தம்மாவுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவோ என்று எனக்கும் தோன்றியது உண்டு. ஆனால் பத்துப் பேர் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பொறுமை மிஞ்சும்?

2014 டிசம்பரில், அந்த மையத்தை மூடிவிடுகிறேன் என்றார் பென்ஸ். அப்பாடா என்று நினைப்பதற்குள் கூடவே இன்னொன்று: வாரியத்தின் தலைவரை இனிமேல் வாரியமே தேர்ந்தெடுக்கட்டும்! நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் சட்டசபைக் கட்டடத்துக்கு வந்து குரல் கொடுத்தார்கள். 2015ல் சட்டம் நிறைவேறிவிட்டது, அடுத்த தேர்தலுக்குப் பிறகு அமல் என்று. பதவியைத் தொடவில்லை, ஓட்டைத் தொடவில்லை. பெயர்ப் பலகையை மாட்டிவைத்துவிட்டுக் கடையை மட்டும் காலி பண்ணினார்கள்!

இவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் கெட்டுப்போனால் ஜனங்கள் கவர்னரைத்தான் திட்டுவார்கள். அவர் கையில் அதிகாரம் இல்லாமல் திட்டை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னால் எப்படி? ஒரு பஸ்ஸுக்கு இரண்டு ஸ்டியரிங் இருந்தால் ஆபத்துதான். ஆனால் எந்த ஸ்டியரிங்கைக் கழற்றுவது என்று பயணிகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போனதுதான் விசேஷம். 1972ல் அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். கண்காணிப்பாளர் ஒருவர் இருப்பார். அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சட்டசபை முடிவு செய்யும் என்று. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வரி சும்மா கிடந்தது.

2016ல் ரிட்ஸ் தோற்றார். ஜெயித்தவர் ஜெனிஃபர் மெக்கார்மிக், கவர்னரின் ரிபப்ளிகன் கட்சியே. இனி சண்டை ஓயும் என்றுதானே நினைப்போம்? 2017லேயே சட்டசபை அந்த 1972 வரியைத் தூசி தட்டி எடுத்தது. 2025 முதல் இது நியமனப் பதவி என்று சட்டம் வந்தது. மெக்கார்மிக்குக்கும் மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. தனியார் பள்ளிகளுக்கும் அரசுப் பணம் வாங்கினால் அரசுப் பள்ளிக்குரிய அதே கணக்கு வழக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. 2018 அக்டோபரில், நான் மறுபடி நிற்கப்போவதில்லை என்றார். அவரே நிற்கவில்லை என்றால் 2025 வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? 2019ல் இன்னொரு சட்டம் போட்டு நியமனத்தை 2021க்கே முன்னால் இழுத்துவிட்டார்கள்.

2020 நவம்பரில் இண்டியானாக்காரர்கள் ஓட்டுச்சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். ஜனாதிபதி இருக்கிறார், கவர்னர் இருக்கிறார். பள்ளிக்கூட வரி மட்டும் இல்லை. 2021 ஜனவரியில் கவர்னர் எரிக் ஹோல்கோம்ப், தன்னிடம் கல்வி ஆலோசகராக இருந்த கேட்டி ஜென்னரைக் 'கல்விச் செயலாளர்' என்ற புதிய பெயரில் உட்காரவைத்தார்.

மெக்கார்மிக் அதே 2021ல் கட்சி மாறி டெமாக்ரடிக் பக்கம் வந்தார். பள்ளிக்கூடத்தைப் பிடிக்க இனி ஒரே வழி கவர்னர் நாற்காலிதான் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, 2024ல் அதற்கே நின்றார். தோற்றார். ஜெயித்த மைக் பிரான் 2025 ஜனவரியில் பதவி ஏற்றார். கல்விச் செயலாளராக யாரைப் போடுவது? ஜென்னரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தேவைப்பட்டது ஒரே ஒரு ஓட்டு, அவருடையது.