சுண்டைச் சாறு ஊத்தினா ஆட்டுப் புழு சாகுமா? கண்ணாடித் தட்டில் 100 சதவீதம்... வயிற்றில் என்ன கதை?

கல்லல்: மழை பெய்து கண்மாய் ஓரம் புல் பசேல் என்று முளைத்தால் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் பயம். நன்றாக மேய்ந்த ஆடு திடீரென மெலியும். தாடைக்குக் கீழே நீர் கோத்து பை மாதிரி தொங்கும். கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது, வெளுத்துக் கிடக்கும். அப்புறம் நாலைந்து நாள்தான். ஆடு காலி.

இதற்கு முக்கிய காரணம் குடற்புழு. "வேப்பிலையை அரைச்சு ஊத்து, சரியாப் போயிடும்" என்பார் ஒருவர். "சுண்டையும் கடுக்காயும் கொடு, ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சுட்டாங்க" என்பார் இன்னொருவர்.

ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் அதில் எதை நிரூபித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்டுக்கு ஊற்றினால் நஷ்டம் நமக்குத்தான்.

ரத்தம் குடிக்கும் புழு

ஆட்டைக் கொல்வதில் முதல் இடம் ஹீமாங்கஸ் என்ற புழுவுக்கு. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். சிவப்பும் வெள்ளையும் கலந்து முறுக்கிய கயிறு மாதிரி தெரியும். ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கிறது. இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி ரத்தம் போச்சு. ஒரு பெண் புழு ஒரு நாளில் 5 ஆயிரத்துக்கும் மேல் முட்டை போடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, ஈரத்தில் பொரித்து, குட்டிப் புழு புல் நுனியில் ஏறி நிற்கும். அந்தப் புல்லை மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.

மேல்விஷாரத்தில் நடந்த சோதனை

மேல்விஷாரத்தில் உள்ள சி.அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் இந்தப் புழுவை வைத்தே ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2011-ல் சர்வதேச ஒட்டுண்ணியியல் இதழ் ஒன்றில் வெளியானது. எடுத்துக்கொண்ட செடிகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்: சீத்தா, கரிசலாங்கண்ணி, சுண்டை, கடுக்காய், நித்தியகல்யாணி.

செடியைக் காயவைத்துப் பொடியாக்கி, மெத்தனால் போன்ற ரசாயனங்களில் ஊறவைத்து சாறு எடுத்தார்கள். அந்தச் சாற்றில் புழுவின் முட்டைகளைப் போட்டு, 48 மணி நேரம் கழித்து எத்தனை பொரித்தது என்று எண்ணினார்கள். சீத்தா, கரிசலாங்கண்ணி, சுண்டை, கடுக்காய் ஆகிய நான்கின் மெத்தனால் சாறும், ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில், ஒரு முட்டையைக்கூட பொரிக்க விடவில்லை. 100 சதவீதம்!

கணக்கு போட்டுப் பாருங்க

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்தச் சோதனை நடந்தது கண்ணாடித் தட்டில். ஆட்டு வயிற்றில் அல்ல.

ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றால் ஒரு லிட்டருக்கு 50 கிராம். ஆட்டு வயிற்றில் இருப்பது ஐந்து லிட்டர்தான் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் 250 கிராம் கெட்டிச் சாறு வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைக்கிறது என்று கணக்கு வைத்தால் இரண்டரை கிலோ காய்ந்த இலை. இது ஒரே ஒரு ஆட்டுக்கு, ஒரே ஒரு வேளைக்கு! நாம் கொடுப்பதோ ஒரு கைப்பிடி இலை.

அதோடு முடியவில்லை. ஆட்டு வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அந்தச் சாற்றையும் செரித்துவிடலாம். தட்டில் முட்டையைத் தடுத்த சாறு, வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் வளர்ந்த புழுவைக் கொல்லும் என்றும் சொல்ல முடியாது.

மண்புழு செத்தால் போதுமா?

இன்னொரு சோதனையும் உண்டு. நாட்டில் பல மருந்தியல் கல்லூரிகளில் மாணவர்கள் செய்வது. மண்புழுவை மூலிகைச் சாற்றில் போட்டு, எத்தனை நிமிடத்தில் அசைவு நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று பார்ப்பார்கள். பக்கத்திலேயே அல்பெண்டசோல் மருந்திலும் மண்புழுவைப் போட்டு ஒப்பிடுவார்கள்.

செலவு குறைவு, மண்புழு எங்கும் கிடைக்கும். ஆனால் மண்புழு வேறு, குடற்புழு வேறு. மண்புழு ஈரத் தோலாலேயே மூச்சு விடுகிறது. உப்புத் தண்ணீரில் போட்டாலே துடிதுடித்துச் சாகும். அதற்காக உப்பை பூச்சி மருந்து என்று சொல்ல முடியுமா? குடற்புழுவுக்கோ வயிற்று அமிலத்தையே தாங்கும் கெட்டியான மேல்தோல் இருக்கிறது.

உண்மையான பரீட்சை எது?

புழுக்கைப் பரிசோதனைதான். ஆட்டுக்கு மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை புழு முட்டை இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்து மறுபடியும் எண்ண வேண்டும். மருந்தே கொடுக்காத சில ஆடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மழையும் தீவனமும் மாறினாலும் முட்டைக் கணக்கு மாறும் என்பதே காரணம்.

உதாரணமாக முதலில் ஆயிரம் முட்டை, பிறகு 600 என்றால் குறைந்தது 40 சதவீதம்தான். நல்ல மருந்து என்றால் 95 சதவீதமாவது குறைய வேண்டும். அதாவது 50-க்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது.

அப்போ மூலிகை எல்லாம் வீணா?

இல்லை. வயிற்றுப் புழுவுக்கு உலகம் முழுக்க ஒரு காலத்தில் கொடுத்த சாண்டோனின் மருந்து ஒரு செடியில் இருந்து வந்ததுதான். புழு செத்தது. ஆனால் சாப்பிட்டவர்களுக்குப் பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. பக்க விளைவு அதிகம் என்பதால் கைவிடப்பட்டது. செடியில் மருந்தும் உண்டு, விஷமும் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

மூலிகையைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே மாத்திரையைத் திரும்பத் திரும்ப, அதுவும் எடைக்குக் குறைவான அளவில் கொடுப்பதால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்துக்குப் பணியாத ஆட்டுப் புழுக்கள் இந்தியாவிலும் பதிவாகியுள்ளன. அதனால் புது மருந்து தேவைதான். தட்டில் ஜெயித்த செடி அடுத்து ஆட்டிலும் ஜெயிக்கணும், ஆட்டுக்குக் கெடுதல் இல்லை என்றும் தெரியணும். அதற்குப் பிறகுதான் அது மருந்து.

பிள்ளைகளிடம் விளையாடாதீங்க

ஆட்டுக்குக் கொடுத்த வைத்தியத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. வேப்பெண்ணெய் குடிக்கக் கொடுத்ததால் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்த 13 கைக்குழந்தைகள் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். சின்ன உபாதைக்கு என்று கொடுத்த எண்ணெய்தான் அது.

சுண்டை வத்தல் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம், அது சாப்பாடு. பூச்சிக்கு மருந்து வேறு. 2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்கத் திட்டத்தில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் ஒரு மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி.

ஆடு வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

* பனி காய்வதற்கு முன் ஆட்டைக் கண்மாய் ஓர ஈரப் புல்லில் விடாதீர்கள். அந்த நேரத்தில்தான் குட்டிப் புழு புல் நுனியில் இருக்கும்.

* மாதம் ஒரு முறையாவது கண் இமையை விலக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இலை தேடி அலையாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

* குடற்புழு மருந்தை ஆட்டின் எடைக்கு ஏற்ற முழு அளவில் கொடுங்கள். ஒரு பாட்டிலை மந்தைக்கே பங்கு போடாதீர்கள்.

* மூலிகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன்பும் இரண்டு வாரம் கழித்தும் புதுப் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய் மருந்தகத்தில் பரிசோதித்துப் பாருங்கள்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து கொடுக்கிறோம்" என்பதை விட, முட்டை குறைந்ததா இல்லையா என்ற கணக்குதான் ஆட்டைக் காப்பாற்றும் என்பது குறிப்பிடத்தக்கது.