பிள்ளைகளின் மலை முகாம்: சேர்ந்திருக்கப் பழக எத்தனை இரவுகள் வேண்டும்?

முகாம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்களில் தனிக் கனம் இருக்கிறது. 2009 இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அரசு அவற்றுக்கு 'நலன்புரி நிலையங்கள்' என்று பெயர் வைத்தது. செட்டிகுளம் மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே சிறுவர்களாக இருந்தவர்களிடம் முகாம் என்று சொன்னால் தறப்பாளும் தண்ணீர் வரிசையும்தான் ஞாபகத்துக்கு வரும். இராணுவ முகாம், புனர்வாழ்வு முகாம் என்று அதே சொல்லுக்கு வேறு நினைவுகளும் இருக்கின்றன.

புலம்பெயர்ந்த எங்கள் உறவினர்களின் பிள்ளைகள் இதே சொல்லை வேறு விதமாகச் சொல்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் பிறந்த என் பெறாமகள், தன் பதினொரு வயதில் ஒஸ்திரிய மலைப்பகுதியில் நடந்த சர்வதேச சிறுவர் கோடை முகாம் ஒன்றில் நான்கு கிழமைகள் இருந்தாள். திரும்பி வந்த பிறகு பல இரவுகள் வட்ஸ்அப்பில் அதைப் பற்றியே கதைத்தாள். வடக்கில் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் 'நல்லிணக்க' நிகழ்வுகள் சிலவற்றைச் செய்தியாக்கியவள் நான். அதனால் அவளிடம் விளையாட்டுகளைப் பற்றி மட்டும் கேட்காமல், அந்த முகாம் எப்படி இயங்கியது என்பதையும் கேட்டேன். பிறகு இப்படியான முகாம்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தேன். அதில் எங்களுக்குப் பயன்படக்கூடியவை இங்கே.

போருக்குப் பிறகு வந்த யோசனை

அவள் போன முகாம் சி.ஐ.எஸ்.வி என்ற அமைப்பினுடையது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த உளவியலாளர் டோரிஸ் அலன், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1946 இல் இந்த யோசனையை முன்வைத்தார். சமாதானத்தைப் பற்றிப் பெரியவர்கள் மட்டும் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தால் போதாது, பிள்ளைகளிடமிருந்தே அது தொடங்க வேண்டும் என்பது அவரது எண்ணம். முதல் முகாம் 1951 இல் சின்சினாட்டியில் நடந்தது. ஜேர்மனியப் பிள்ளைகளும், சில ஆண்டுகளுக்கு முன்வரை ஜேர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த நோர்வேயின் பிள்ளைகளும் அதில் ஒன்றாக இருந்தார்கள்.

இந்த முகாமை அவர்கள் 'கிராமம்' என்று அழைக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள்: இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லோருக்கும் வயது பதினொன்று. தன் வீட்டையும் மொழியையும் பற்றிச் சொல்லத் தெரிந்த வயது அது. மற்றவர்களைப் பற்றிய வெறுப்பு இன்னும் இறுகிப் போகாத வயதும் அதுதான். குழுவுக்கு ஒரு பெரியவர் பொறுப்பாக வருகிறார். பதினாறு, பதினேழு வயதுடைய இளையோர் சிலரும் உதவிக்கு இருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு நாடுகள் சேரும்போது மொத்தம் எழுபது பேர் வரை ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்.

எந்த நாட்டிலிருந்தும் எண்ணிக்கை நான்குதான். பெரிய நாடு என்பதற்காக யாருக்கும் கூடுதல் இடம் கிடையாது.

ஒரு நாள் எப்படிப் போகிறது

காலையில் பாட்டுப் போட்டு எழுப்புகிறார்கள். படுக்கையை மடித்து, முகம் கழுவி, எல்லோரும் வெளியே வட்டமாக நின்று கொடி ஏற்றுகிறார்கள். கொடி என்றதும் எங்கள் ஆட்களுக்கு வரக்கூடிய கேள்விதான் எனக்கும் வந்தது. எந்த நாட்டுக் கொடி என்று கேட்டேன். "ஒரு நாட்டுக் கொடியும் இல்லை சித்தி, முகாமின்ர கொடி" என்றாள். பாடுவதும் முகாமின் பாட்டைத்தான். தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவதா இல்லையா என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும் நாட்டில் இருந்துகொண்டு இதைச் சிறிய விடயமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அறைகள் நாடுவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. அவளுடைய அறையில் பிரேசில், நோர்வே, எகிப்து நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பொது மொழி ஆங்கிலம். ஆனால் பிரேசில் பிள்ளைக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. முதல் கிழமை கையாலும் படம் கீறியும் கதைத்திருக்கிறார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை. பிள்ளைகள் கலந்த குழுக்களாகப் பிரிந்து, கூட்டுவது, மேசை துடைப்பது, கோப்பை கழுவுவது, மலசலகூடம் சுத்தம் செய்வது என்று முறை வைத்துச் செய்கிறார்கள். "வீட்டில ஒரு கோப்பை கழுவமாட்டாள், அங்க போய் கக்கூஸ் கழுவியிருக்கிறாள்" என்று அக்காவுக்கு இன்றும் ஆச்சரியம். ஆனால் நான்கு கிழமைகளைப் பற்றி அவள் சொன்ன கதைகளில் பாதி இந்த வேலை நேரத்தில் நடந்தவைதான். யார் ஏமாற்றினார்கள், யார் மற்றவரின் முறையையும் சேர்த்துச் செய்தார்கள், யாருடன் சண்டை வந்து யாருடன் சமாதானமானார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவந்திருக்கிறது.

பிறகு விளையாட்டுகள். அவற்றில் சில சோதனை போன்றவை. ஒரு நாள் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து ஒரு நகரம் கட்டச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குக் கட்டுக்கட்டாகக் கடதாசியும் கத்தரிக்கோலும் பசையும் கிடைத்தன. இன்னொரு குழுவுக்கு இரண்டு தாள்கள் மட்டும். கொஞ்ச நேரத்தில் பொருள் உள்ளவர்கள் அதற்குக் காவல் போட்டார்கள். இல்லாதவர்கள் கெஞ்சினார்கள், பிறகு களவெடுத்தார்கள். விளையாட்டு முடிந்ததும் எல்லோரையும் நிலத்தில் இருத்திக் கேள்விகள் கேட்டார்கள். என்ன நடந்தது, உனக்கு எப்படி இருந்தது, வெளியே எங்கே இப்படிக் கண்டிருக்கிறாய், இனி என்ன செய்வாய்? செய்வது, யோசிப்பது, பொதுவாக்கிப் பார்ப்பது, வாழ்க்கையில் பயன்படுத்துவது என்ற நான்கு படிகளில்தான் சி.ஐ.எஸ்.வியின் கல்விமுறை அமைந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு, கடிதம் எழுதும் நேரம். கைத்தொலைபேசி கிடையாது. இரண்டாம் கிழமையில் வீட்டு நினைப்பு வந்து அழாத பிள்ளை இல்லையாம். இரவில் பெரியவர்கள் அறை அறையாக வந்து தாலாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள்.

மலைக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அங்கே கடை இல்லை, போய் ஒதுங்க வேறு இடம் இல்லை. ஆடி மாதத்திலும் இரவில் குளிர். நடைபயணம் போகும் நாளில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். சுவிற்சர்லாந்துப் பிள்ளைக்கு மலை பழக்கம், எகிப்துப் பிள்ளைக்குப் புதிது. ஒருவர் பையை மற்றவர் சுமக்கவேண்டி வந்தது.

மாலைகளில் ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் உணவையும் ஆட்டத்தையும் மற்றவர்களுக்குக் காட்டும். சுவிஸ் குழுவின் மாலையில் இவள் மற்றப் பிள்ளைகளுக்குக் கொக்கான் வெட்டக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் சுவிற்சர்லாந்தின் பெயரில்தான். பிள்ளைகள் அங்கே நாடுகளின் பெயரால் வருகிறார்கள். நாடு இல்லாதவர்களுக்கு அந்த வட்டத்தில் தனி இடம் இல்லை. இதையும் நாங்கள் கவனிக்க வேண்டும்.

சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா?

இரண்டு தரப்புப் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தால் வெறுப்புத் தானாகக் குறையும் என்ற நம்பிக்கை 1954 இலேயே சோதிக்கப்பட்டது. துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாபர் ஷெரிப், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ரொபர்ஸ் கேவ் என்ற மலைக்காட்டுப் பூங்காவில் ஒரு கோடை முகாம் நடத்தினார். பதினொரு வயதை அண்டிய 22 சிறுவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். போட்டிகள் வைத்து வெல்பவருக்குப் பரிசு என்றதும், சில நாட்களுக்குள் ஒரு குழு மற்றக் குழுவின் கொடியை எரித்தது. இரவில் ஒருவர் கொட்டிலை மற்றவர் தாக்கினார்கள்.

பிறகு இரு குழுக்களையும் ஒன்றாக இருத்திச் சாப்பாடு கொடுத்தார்கள், படம் காட்டினார்கள். பகை குறையவில்லை. சாப்பாட்டை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். மாற்றம் வந்தது வேறு வழியில். முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டது. எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். சாப்பாடு கொண்டுவர வேண்டிய லொறி நின்றுபோனது. முன்பு கயிறிழுத்தல் போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றைக் கட்டி, இரு குழுவும் ஒரே பக்கம் நின்று லொறியை இழுத்தன. இப்படிச் சில நாட்கள் போன பிறகு, வீடு திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போக விரும்பினார்கள்.

இந்தச் சோதனைக்குக் கடும் விமர்சனங்களும் உண்டு. பகையை மூட்டியதே பெரியவர்கள்தான். அந்தச் சிறுவர்களுக்கிடையே இழப்போ வரலாறோ இருக்கவில்லை. ஆனாலும் அதன் அடிப்படைப் பாடம் நிலைத்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருத்துவதால் மட்டும் எதுவும் மாறாது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க இயலாத வேலை வேண்டும். அந்த வேலையில் இருவரும் சமமாக இருக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. தீபக் மல்ஹோத்ராவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுமணசிறி லியனகேயும் 2005 இல் அதை வெளியிட்டார்கள். வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த இளையோர் கலந்துகொண்ட நான்கு நாள் சமாதானப் பயிற்சி முகாம் ஒன்றை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஓராண்டு கழித்தும், அதில் பங்கேற்றவர்களிடம் மற்ற இனத்தவர் மீதான பரிவு பங்கேற்காதவர்களைவிட அதிகமாக இருந்தது. மற்ற இனத்தைச் சேர்ந்த வறிய பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பணமும் கொடுத்தார்கள். நான்கு நாட்களுக்கே இந்தப் பலன் என்றால், பிழை எங்கள் பிள்ளைகளிடம் இல்லை.

இஸ்ரேலிய, பலஸ்தீன இளையோர் கலந்துகொள்ளும் 'சீட்ஸ் ஒஃப் பீஸ்' முகாமைப் பற்றி ஜூலியானா ஷ்ரோடர், ஜேன் ரைசன் ஆகியோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வும் முக்கியமானது. மற்றத் தரப்பில் ஒரேயொரு நெருங்கிய நட்பாவது கிடைத்த பிள்ளையிடம்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

முகாம் செய்ய முடியாதது

இதே முகாமின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1993 இல் ஊடகவியலாளர் ஜோன் வொலக் தொடங்கிய அந்த முகாமுக்குச் சென்று வந்தவர்களில் ஒருவர் அசீல் அஸ்லே. இஸ்ரேலியக் குடியுரிமை கொண்ட பலஸ்தீன இளைஞர். 2000 ஒக்ரோபரில், பதினேழு வயதில், தன் ஊரில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது இஸ்ரேலியப் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் அந்த முகாமின் பச்சை ரீ-சேட்டை அணிந்திருந்தார். அந்த நாட்களில் கொல்லப்பட்ட 13 பேர் தொடர்பில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது, அறிக்கையும் வந்தது. ஆனால் 2008 இல், பொலிஸார் எவர் மீதும் வழக்குத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார்.

ஆணைக்குழுக்களையும் அறிக்கைகளையும் கண்டு சலித்துப்போன எங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்கிடையே நட்பு வளரலாம். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்ற கேள்விக்கான பதிலையும், பறிக்கப்பட்ட காணியையும் அந்த நட்பிடம் கேட்க முடியாது. அவற்றை அரசிடம்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைக் காட்டி அந்தக் கேள்வியை மூடிவிடவும் கூடாது.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்

நான் செய்தியாக்கிய நிகழ்வுகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிந்தவை. பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கு மாலை போட்டார்கள். மூன்று மொழிகளில் பாட்டு, பெரியவர்களின் பேச்சு, சாப்பாட்டுப் பொதி, குழுப்படம். சாப்பிடும்போது இரு தரப்புப் பிள்ளைகளும் தனித்தனியாகவே இருந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் மற்றவரின் பெயர் நினைவிருக்குமோ தெரியாது.

இப்படிப் பிள்ளையை அனுப்பும்படி பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால், பெற்றோரும் ஆசிரியர்களும் சில கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை இரவுகள்? அறைகளும் வேலைக் குழுக்களும் கலந்து இருக்குமா? இரு தரப்பும் சம எண்ணிக்கையா? தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா? காணாமல் போன அப்பாவைப் பற்றி ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால், அதைக் கேட்கப் பயிற்சி பெற்றவர் இருப்பாரா, அல்லது 'அதெல்லாம் இங்கே வேண்டாம்' என்று நிறுத்துவார்களா? முடிந்து வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் மீண்டும் சந்திக்க வழி உண்டா?

வெளிநாட்டு முகாம் ஒன்றுக்குப் போக விசாவும் விமானச் சீட்டும் வேண்டும். எங்கள் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அது எட்டும். ஆனால் மேலே உள்ள எதற்கும் அல்ப்ஸ் மலை தேவையில்லை. மலையகத்தில் விடுமுறைக் காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பாடசாலையும், பிள்ளைகளே கழுவ வேண்டிய கோப்பைகளும், அவர்கள் சொல்வதை இருந்து கேட்கும் சில பெரியவர்களும் போதும். இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் ஏற்பாட்டாளரை நம்பிப் பிள்ளையை அனுப்பலாம். பதில் சொல்லாதவருக்குத் தேவைப்படுவது ஒரு குழுப்படம்தான். அதற்கு எங்கள் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டியதில்லை.