'உங்கள் காருக்கு ரெனியூவல் இல்லை!' - இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் என்ன செய்வது?

பாலிசி முடிய இன்னும் ஐந்தே நாள். வழக்கம்போல மொபைலிலேயே பணம் கட்டிவிடலாம் என்று ஆப்பைத் திறந்தால், 'இந்த வாகனத்துக்குப் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது' என்று ஒற்றை வரி. கார் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடைசி மூன்று வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. 'ஒழுங்கா பணம் கட்டினதுக்கு இதுதான் மரியாதையா?' என்று கோபம் வரும். அடுத்த வாரம் குலதெய்வக் கோயிலுக்கு வேறு கிளம்ப வேண்டும். 'சரி, ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்' என்று மனசு சொல்லும்.

பழைய கார் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான் இது. கம்பெனி மறுத்ததைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த 'வந்து பார்த்துக்கலாம்'தான் குடும்பத்தையே கடனில் தள்ளிவிடக்கூடியது.

ஒரு பாலிசி, இரண்டு பாகம்

நாம் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்வதில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று, 'தேர்டு பார்ட்டி'. நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் காயம், உயிரிழப்பு, பொருள் சேதத்துக்கானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவுப்படி இது கட்டாயம். மற்றொன்று, 'ஓன் டேமேஜ்'. நம் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு, வெள்ள பாதிப்பு போன்றவற்றுக்கானது. இது நம் விருப்பம்.

கம்பெனிகள் பெரும்பாலும் தயங்குவது இந்த ஓன் டேமேஜ் பாகத்துக்குத்தான். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அவர்களின் வியாபார முடிவு. ஆனால், சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி காப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் நிலைப்பாடு. எனவே, 'எந்த பாகத்துக்கு மறுப்பு?' என்று முதலில் கேளுங்கள். காரணத்தை இ-மெயிலில் எழுத்துபூர்வமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் மறுக்கிறார்கள்?

காரின் வயது, அடுத்தடுத்துப் போட்ட கிளெய்ம்கள், சரிசெய்யாமல் விட்ட அடி, நசுங்கல் ஆகியவை வழக்கமான காரணங்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது, ஆர்.சி-யில் பதியாமல் கேஸ் கிட் பொருத்துவது போன்றவையும் சிக்கலாகும். சில நேரம் ஆர்.சி-யில் ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர் என்று இருப்பதே பிரச்னையாக இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பம்பரைச் சரிசெய்வதோ, ஆர்.சி-யைத் திருத்துவதோ நம் கையில்தானே இருக்கிறது!

90 நாள்... தப்புக் கணக்கு!

'பாலிசி முடிஞ்சாலும் 90 நாள் டைம் இருக்கு' என்று பலரும் சொல்வார்கள். அந்த 90 நாள், நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான். முதல் வருடம் கிளெய்ம் இல்லையென்றால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20% தள்ளுபடி கிடைக்கும். அது 25, 35, 45 என ஏறி, 50% வரை போகும். மூன்று வருடம் கிளெய்ம் போடாதவருக்கு 35%. பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும்.

காப்பீட்டுக்கு அப்படிச் சலுகை நாள் எதுவும் கிடையாது. பாலிசியில் போட்டிருக்கும் தேதி முடிந்த நிமிடத்திலிருந்து கார் காப்பீடு இல்லாத கார்தான். அதை ஓட்டி போலீஸில் சிக்கினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய்.

அபராதத்தையாவது கட்டிவிடலாம். அந்த நேரத்தில் விபத்து நடந்து ஓர் உயிர் போனால், தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டைக் கார் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். இறந்தவரின் வயது, வருமானத்தைப் பொறுத்து அது பல லட்சங்களைத் தொடும். சேமிப்பு, வீடு, நிலம் எல்லாமே கேள்விக்குறியாகிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

நாள் நெருங்கிவிட்டதா? தேர்டு பார்ட்டி பாலிசியை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். இதன் கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிப்பதால், எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சி.சி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி வரை 3,416 ரூபாய். அதையும் தாண்டினால் 7,897 ரூபாய். வரியும், உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டின் பிரீமியமும் தனி.

பிறகு ஓன் டேமேஜை நிதானமாகத் தேடலாம். 2019 செப்டம்பரிலிருந்து இதைத் தனியாகவும், வேறு கம்பெனியிலும் எடுக்க முடிகிறது. ஆன்லைனில் மறுப்பு வந்தால் நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் கிளைக்குக் காருடன் நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆர்.சி, பழைய பாலிசி, நோ கிளெய்ம் போனஸ் சான்று கையில் இருக்கட்டும். போனஸ் காருக்கோ கம்பெனிக்கோ சொந்தமல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும்.

பாலிசி காலாவதியாகிவிட்டால் காரை நேரில் பார்த்தோ, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியோ ஆய்வு செய்த பிறகே ஓன் டேமேஜ் தருவார்கள். எனவே, முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்குவது நல்லது.

இதை மட்டும் செய்யாதீர்கள்

மறுத்துவிட்டார்களே என்ற பயத்தில் பழைய கிளெய்மை மறைக்காதீர்கள். கம்பெனிகள் ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொள்ளும். பொய் சொல்லி வாங்கிய போனஸ், கிளெய்ம் நேரத்தில் காலை வாரிவிடும்.

'பாதி விலைக்குப் போட்டுத் தர்றேன்' என்று சொல்லி, சொந்த ஜிபே நம்பருக்குப் பணம் கேட்பவரிடமும் உஷார். பணம் கம்பெனிக்கே போக வேண்டும். சில நாள் கழித்து எம்-பரிவாகன் ஆப்பில் கார் நம்பரைப் போட்டு, புதிய பாலிசி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் எங்கே?

தேர்டு பார்ட்டி காப்பீட்டைத் தர மறுத்தாலோ, போனஸ் சான்றைத் தராமல் இழுத்தடித்தாலோ, முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் சரியான பதில் வரவில்லையென்றால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் பதியலாம். 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம்.

குலதெய்வக் கோயிலுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். பாலிசி கைக்கு வரும்வரை கார் வாசலிலேயே நிற்கட்டும். அதுவரை பஸ்ஸோ ரயிலோ போதும்!